விவசாயம் வழியாக மிஷனெரி ஊழியம்: புறப்படும் முன் உள்ள இரண்டு ஆண்டுகள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 26. நகரத்தில் வளர்ந்தவர், வேதாகமக் கல்லூரி முடித்தவர். தெற்கு ஒடிசாவின் கோராப்புட் மலைப்பகுதியில் விவசாயம் வழியாக ஊழியம் செய்ய நினைக்கிறார். கையில் இரண்டு ஆண்டு இருக்கிறது. எந்தப் பயிற்சி நிலையத்தில் சேருவது என்று கேட்கிறார்.

பயிற்சி நிலையத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முழுக்க உங்கள் கையால் ஒரு மானாவாரி நிலம். இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி, போகும் ஊரைப் போன்ற மலைநிலத்தில் இன்னொருவரிடம் வேலையாள். மொழி இரண்டு ஆண்டும் கூடவே வரட்டும். சான்றிதழோடு போய் இறங்கி, முதல் பருவத்திலேயே ஏழை விவசாயியின் நிலத்தில் பாடம் நடத்துவதுதான் இந்த ஊழியத்தில் அடிக்கடி நடக்கும் கெடுதல். உங்கள் பயிர் போனால் உங்களுக்கு ஒரு அனுபவம். அவர் பயிர் போனால் அந்தக் குடும்பம் ஆனி, ஆடியில் கடன் வாங்கித்தான் சாப்பிடும்.

இந்த வரிசைக்கு முன்னோடிகள் உண்டு. சாம் ஹிக்கின்பாட்டம் 1903ல் இந்தியா வந்து அலகாபாத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். கிராமங்களைப் பார்த்தபின் அமெரிக்கா திரும்பி, ஒஹாயோவில் வேளாண்மை படித்துவிட்டு மறுபடி வந்தார். 1910ல் தொடங்கிய அலகாபாத் வேளாண் நிறுவனம் அவர் பெயரோடு சேர்ந்தது. ஹென்றி டி லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குருவானவர் சபையில் சேரும் முன்பே வேளாண்மை படித்தவர். 1961ல் மடகாஸ்கர் போனார். நாம் இன்று திருந்திய நெல் சாகுபடி என்று சொல்லும் முறை அவர் கையில் உருப்பெற்றது 1983ல். இடைப்பட்ட 22 ஆண்டும் அவர் விவசாயிகளோடு வயலில் நின்று, யார் எதை ஏன் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை நாற்று நடுவதும், வயலில் எப்போதும் தண்ணீர் கட்டிவைக்காமல் இருப்பதும் அங்கே சில விவசாயிகளிடம் ஏற்கெனவே இருந்த பழக்கங்கள்தான்.

முதல் ஆண்டுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போகாதீர்கள். வாய்க்கால் பாசனத்தில் கற்றது மலையில் உதவாது. ஜவ்வாது மலை, கொல்லிமலை, கல்வராயன்மலை, அல்லது கிருஷ்ணகிரியின் மானாவாரிப் பகுதி சரியாக இருக்கும். கேழ்வரகும் சாமையும் அங்கே இன்னும் வயலில் நிற்கின்றன. கோராப்புட் மேட்டுநிலத்திலும் அதேதான் பயிர். 30 சென்ட் போதும், அதற்கு மேல் வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் போடாதீர்கள். மழை பொய்த்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குத்தானே இந்த ஆண்டு.

பாதி நிலத்தில் கேழ்வரகு. ஏக்கருக்கு 2 கிலோ விதை என்ற கணக்கில் நாற்றங்கால் விட்டு, 17 முதல் 20 நாளுக்குள் பிடுங்கி நடுங்கள். மழை தாமதமாகி நாற்று 30 நாள் தாண்டிவிட்டால் தூர் கட்டுவது குறையும். அதனால் நாற்றங்காலை ஒரே நாளில் விடாமல், 10 நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விடுங்கள். மீதியில் துவரையும் நிலக்கடலையும், வீட்டோரம் கொஞ்சம் காய்கறி. இரண்டு ஆடு, பத்து நாட்டுக்கோழி. விதைக்கும் முன் ஒவ்வொரு விதையிலும் 100 எண்ணி, ஈரச்சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, ஏழாம் நாள் முளைத்ததை எண்ணுங்கள். எண்பதுக்குக் கீழே இருந்தால் அதற்கேற்ப விதையளவைக் கூட்டுங்கள். அறுபதுக்குக் கீழே என்றால் அந்த விதையை விட்டுவிடுங்கள். பணித்தளத்தில் நீங்கள் முதன்முதலாகக் காட்டத்தக்க விஷயமும் இதுதான். செலவு கிடையாது, தோற்றுப்போகவும் வழியில்லை.

கோழி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்கிராமத்தில் விரைவாகப் பலன் தெரிவது அதில்தான். வெயில் காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஊர்க்கோழி மொத்தமும் ஒரே வாரத்தில் போகும். குஞ்சுக்கு ஏழாம் நாளில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் தடுப்பூசி. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, மலையேறி, விடியலில் கோழி கூட்டைவிட்டு இறங்கும் முன் போட்டு முடிப்பதை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். தோல்விகளில் பெரும்பாலானவை மருந்தின் குற்றமல்ல. வழியில் சூடேறிய மருந்து, அல்லது நோய் ஏற்கெனவே நுழைந்துவிட்ட கூட்டத்துக்குப் போட்ட மருந்து. இரண்டாவது நடந்தால் "ஊசி போட்டதால்தான் கோழி செத்தது" என்று ஊர் சொல்லும், அடுத்த மூன்று வருடம் உங்களிடம் யாரும் கோழியைக் காட்ட மாட்டார்கள். ஊரில் ஒரு கோழி தலை தொங்கி நின்றாலும் அன்றைக்கு ஊசி போடாதீர்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, மழை, வேலை, ஆள்நேரம், செலவு, எடை. மழையளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, காலை எட்டரைக்கு அளவுகோல் விட்டுப் பார்த்தால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும். ஆள்நேரம் எழுதுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒரு சாகுபடி முறை மகசூலைக் கூட்டியும் மக்கள் அதைக் கைவிடுவதற்குக் காரணம் அநேகமாக அந்த ஆள்நேரக் கட்டத்தில்தான் இருக்கும்: கூடுதல் களையெடுப்பு, அதுவும் பெண்கள் தலையில்.

இரண்டாம் ஆண்டு மலைச்சரிவு. இங்கே கற்க வேண்டிய அடிப்படை, சமமட்டக் கோடு போடுவது. பிலிப்பைன்ஸில் மிண்டானாவோ தீவின் பன்சாலானில், ஹெரால்டு வாட்சன் என்ற பாப்டிஸ்ட் மிஷனெரி 1970களில் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கிய 'சால்ட்' என்ற சரிவுநில முறையின் முதல் படி இது. 1985ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது இந்த வேலைக்குத்தான்.

கருவியை நீங்களே செய்யலாம். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு மூங்கில். நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்குக்கட்டை கட்டினால் ஆங்கில 'ஏ' எழுத்து வடிவம் வரும். உச்சியிலிருந்து ஒரு நூல், நூல் நுனியில் முட்டையளவு கல். நூல் குறுக்குக்கட்டைக்கு ஒரு சாண் கீழே தொங்க வேண்டும். இனி மட்டம் பிடிப்பது. கால்கள் நிற்கும் இரண்டு இடத்திலும் முளை அடியுங்கள். நூல் குறுக்குக்கட்டையைத் தொடும் இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறுங்கள். சட்டத்தைத் திருப்பி, வலக்கால் இருந்த முளையில் இடக்காலை வைத்து மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு, அதுதான் மட்டம். இனி சரிவில் குறுக்காகப் போங்கள். ஒரு காலை ஊன்றி, நூல் நடுக்கோட்டில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, முளை அடித்து, அப்படியே அடுத்த எட்டு. காற்றடிக்கும் மதியத்தில் இந்த வேலை ஆகாது, காலையில் செய்யுங்கள். கட்டு தளர்ந்தால் மட்டம் தவறும். அதனால் கயிற்றை நனைத்துக் கட்டுங்கள், நாளுக்கு ஒரு தடவை மட்டத்தைச் சரிபாருங்கள். முளைவரிசை கோணல்மாணலாகத்தான் வரும். முடித்தபின் தள்ளி நின்று பார்த்து, துருத்தும் முளைகளை மட்டும் அரையடி நகர்த்தி வளைவை நேராக்கினால் ஏர் ஓட்ட வசதியாக இருக்கும்.

அந்தக் கோடுகளில், நான்கைந்து மீட்டருக்கு ஒரு வேலியாக, தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்தும் செடிகளை இரட்டை வரிசையில் அரை மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக விதைப்பார்கள். வளர்ந்ததும் தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில் வெட்டி, தழையைப் பயிரடியில் போடுவார்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு வெட்டு. சில ஆண்டுகளில் வேலிக்கு மேல் மண் சேர்ந்து தானாகவே படிக்கட்டாகிவிடும்.

தவறு எங்கே வரும்? பிலிப்பைன்ஸ்காரர்கள் முதலில் ஒரே செடியை நம்பினார்கள். அவர்கள் இபில் இபில் என்பதை நாம் சவுண்டல், சூபாபுல் என்கிறோம். 1980களின் நடுவில் அதைச் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி தாக்கி, வேலிகள் மொட்டையாகின. அதன்பிறகுதான் ஃபிளெமிஞ்சியா, கிளைரிசிடியா என்று கலந்து நட ஆரம்பித்தார்கள். கோராப்புட்டில் பிரச்சினை வேறு. அறுவடை முடிந்ததும் மாடு ஆடெல்லாம் அவிழ்த்துவிடப்படும், தை முதல் வைகாசிவரை நிலம் ஊருக்கே மேய்ச்சல். சூபாபுல்லை ஆடு அடியோடு தின்றுவிடும். பழக்கமில்லாத மாடு கிளைரிசிடியாவின் வாடைக்கு அவ்வளவாக வாய் வைக்காது. ஆகையால் அதைக் கட்டைவிரல் பருமனுள்ள, ஒரு மீட்டர்ப் போத்துகளாக வெட்டி, முதல் மழையில் வரப்போரம் நடுவது அங்கே பிழைக்கும். துவரையை வேலிவரிசையாக விதைப்பது இன்னும் எளிது. ஒரு ஆண்டுப் பயிர்தான், ஆனால் பருப்பு வீட்டுக்கு வரும், கோடு நிலத்தில் பதிந்துவிடும். இன்னொன்று, பட்டா இல்லாத நிலத்தில் மரம் வைக்க யாரும் துணிய மாட்டார்கள். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி அந்தக் குடும்பத்துக்கு உரிமைச் சீட்டு கிடைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மிஷன் வட்டாரத்தில் இன்று அதிகம் பேசப்படுவது ஜிம்பாப்வே முறை. பிரையன் ஓல்ட்ரீவ் என்ற விவசாயி 1980களில் உழவில்லாமல், மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல், தழை) போட்டு மக்காச்சோளம் விளைவித்ததிலிருந்து வந்தது. அவர்களுடைய நான்கு விதிகள்: நேரத்துக்குச் செய், செம்மையாகச் செய், வீணாக்காதே, மகிழ்ச்சியோடு செய். முதல் விதியை நமக்குப் பருவத்தே பயிர் செய் என்று ஔவையாரே சொல்லியாயிற்று. அளவுகள்தான் அதன் அழகு. கயிற்றில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சோடா மூடியை நசுக்கிப் பிடிக்கவைத்து, வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர் விட்டு, மூடி இருக்கும் இடத்தில் எல்லாம் மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி. குழிக்கு ஒரு டப்பா மக்கிய உரம், மூன்று விதை. முளைத்தபின் இரண்டாகக் கலைப்பது. ஹெக்டேருக்கு 44,444 செடி வரும். 39 மீட்டருக்கு 16 மீட்டர் துண்டில் 52 வரிசை. வாரத்துக்கு ஒரு வரிசை, ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு. 2020ல் ஜிம்பாப்வே அரசே இதைப் பெரிய திட்டமாக எடுத்துக்கொண்டது.

இதை அப்படியே கோராப்புட்டுக்குத் தூக்கிவர முடியாது. அந்தக் குழி குறைந்த மழையைத் தேக்கிவைக்கச் செய்தது. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி நான்கு மாதத்தில் கொட்டும் இடத்தில், களிமண் கலந்த நிலத்தில் குழி குட்டையாகிவிடும். இரண்டு மூன்று நாள் நீர் நின்றால் மக்காச்சோளம் வேர் அழுகி மஞ்சளாகும். அங்கே பார் (மேட்டுவரிசை) பிடித்துத்தான் நட வேண்டும். நீர் இறங்கும் செம்மண் மேட்டில், பூசணி, கத்தரிக்கு மட்டும் குழி. மூடாக்கிலும் இரண்டு சிக்கல். வைக்கோல் அங்கே மாட்டின் கோடைத் தீவனம். அதை வயலில் பரப்பச் சொல்வது மாட்டின் வாயிலிருந்து பிடுங்குவது. அது கிடைத்தாலும், மண்ணோடு கலந்த வைக்கோல் மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்வதால் முதல் ஆண்டு பயிர் வெளிறும். மேலாகப் பரப்புங்கள், விதைவரிசையை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கூடவே தொழுவுரம் கொடுங்கள். காட்டுத்தழை, களைச்செடி இருந்தால் அதுவே மேல். அந்த முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை கயிறும், அளவும், விதைப்பு நாள் தவறாமையும்.

திருந்திய நெல் சாகுபடிக்கும் இதே எச்சரிக்கை. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, 14 நாளுக்குள் நாற்று, 22.5 அல்லது 25 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒற்றைக் குத்து, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற களையெடுக்கும் உருளைக் கருவி, மயிரிழை வெடிப்பு விட்டபின் தண்ணீர். இது தண்ணீரை விடவும் வடிக்கவும் முடிகிற வயலுக்கு. கோராப்புட்டில் ஜோலா என்பார்கள்: ஓடைப்படுகையைப் படிப்படியாகக் கட்டிய வயல், ஆண்டு முழுக்க ஈரம். அங்கே காயப்போட முடியாது, பத்து நாள் நாற்று முதல் பெருமழையில் மூழ்கும். இடைவெளியையும் நாற்றின் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நாற்றின் வயதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

மேட்டுநிலம் பெரும்பாலும் புளிப்பு மண். கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே போனால் நிலக்கடலை பொக்காகும், பயறு வேர்முடிச்சு கட்டாது. நிலம் முழுக்கச் சுண்ணாம்பு போட ஏழையால் முடியாது. விதைச் சாலில் மட்டும் ஹெக்டேருக்கு 3 முதல் 4 குவிண்டால் போட்டால் அந்தப் பருவத்துக்குத் தாங்கும். மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள்.

இப்போது பயிற்சி நிலையங்கள். ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில் 1973ல் தொஷிஹிரோ தகாமி தொடங்கிய ஆசிய கிராமிய நிறுவனத்தில் ஒன்பது மாதப் பயிற்சி. சாப்பாட்டைத் தாங்களே விளைவித்து, சமைத்து, கழுவிக் கற்பார்கள். களத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை, அனுப்பும் அமைப்பின் வழியாக எடுப்பார்கள். ஆகவே அது உங்களுக்கு நான்கைந்து ஆண்டு கழித்து. எக்கோ என்ற அமைப்புக்கு ஃபுளோரிடாவிலும் தாய்லாந்தின் சியாங் மாயிலும் நிலையம் இருக்கிறது. வெப்பமண்டலச் சிறுவிவசாயத்துக்கு அவர்களுடைய குறிப்புகள் நம்பகமானவை. (முருங்கைக்கீரையின் அருமையை உலகமெங்கும் பரப்பியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. படிக்கும்போது நம் புழக்கடையை நினைத்துச் சிரிப்பு வரும்.) வெளிநாட்டு விதைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டு வந்துவிடாதீர்கள், தாவரத் தடுப்புக்காப்பு விதிப்படி அது குற்றம். இவற்றுக்கெல்லாம் முன்னால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தின் இரண்டு மூன்று நாள் பயிற்சிகளில் உட்காருங்கள். கட்டணம் சொற்பம், சில இடங்களில் இல்லவே இல்லை.

நிலம் வாங்கி மிஷன் பண்ணை வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கோராப்புட் முழுவதும் பழங்குடியினருக்கான அட்டவணைப் பகுதி. ஒடிசாவின் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பழங்குடியினர் நிலம் பழங்குடியல்லாதவர் கைக்கு மாறக் கூடாது. பினாமியாக வாங்கிய நிலம் பிறகு திருப்பப்படும், பெயரும் கெடும். அங்கே 1882 முதலே லுத்தரன் மிஷன் வேலை செய்து, உள்ளூர்ச் சபை வேரூன்றியிருக்கிறது. அந்தச் சபையின் மூப்பர்களிடம் பேசி, விசுவாசி ஒருவரின் நிலத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். நிலமும் விளைச்சலும் அவருடையதாகவே இருக்கட்டும்.

1967ஆம் ஆண்டு ஒடிசா மதச் சுதந்திரச் சட்டத்தில், தூண்டுதல் என்பதற்குள் பணமாகவோ பொருளாகவோ கொடுக்கும் பரிசும் அடங்கும். விதைப் பை, ஆட்டுக்குட்டி, ஸ்பிரேயர் எல்லாமே அதற்குள் வரும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவருக்கு மட்டும் விதை கிடைத்தால் ஊர் இரண்டாகும், வந்தவரின் விசுவாசத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள், அவரே நம்ப மாட்டார். விவசாய உதவி ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில். இலவசம் வேண்டாம், ஒரு கிலோ விதை வாங்கியவர் அறுவடையில் ஒன்றேகால் கிலோவாக ஊர் விதைப்பானைக்குத் திருப்பட்டும். விவசாயக் கணக்கும் சபைக் கணக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனி வங்கிக் கணக்கு. அதேநேரம், நீங்கள் யார் என்று கேட்டால் மழுப்பாதீர்கள். விவசாய ஆலோசகர் என்ற போர்வையில் இருப்பது தெரியவரும் நாளில் எல்லாமே சந்தேகமாகும்.

போய்ச் சேர்ந்தபின் முதல் பருவம் முழுக்க எதையும் கற்பிக்காதீர்கள். கோராப்புட்டின் பாரம்பரிய வேளாண்மையை 2012ல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. அந்த ஊர்க் கிழவிக்குத் தெரிந்த நெல் வகைகள் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. கூலியில்லாமல் களை எடுங்கள், அறுவடைக்குப் போங்கள். எந்த மாதம் தானியம் தீர்கிறது, விதையை யார் எடுத்து வைக்கிறார்கள், எந்தக் கடனுக்கு எந்தப் பயிர் போகிறது, போன தடவை வந்த திட்டம் ஏன் நின்றது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஆறு மாதம்கூட ஆகலாம்.

இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு விஷயம். விரும்புகிற ஐந்தாறு பேர், அவரவர் நிலத்தில் ஒரு சென்ட், பக்கத்திலேயே பழைய முறையில் ஒரு சென்ட். விதை அவர்களுடையது. கெட்டுப்போனால் ஒருநாள் கூலிக்கு மேல் நஷ்டம் வரக் கூடாது. அறுவடையை ஊர் பார்க்க 5 கிலோ தொங்கு தராசில் நிறுங்கள், எண்ணை நீங்கள் சொல்லாமல் அவர்களே படிக்கட்டும்.

மொழிக்கு ஒடியா மட்டும் போதாது. சந்தையில் பேசும் தேசியா முதலில். பின்பு அந்த ஊரின் தாய்மொழி, குவியோ கதபாவோ பரஜாவோ. விவசாயச் சொற்களை ஒடியாவில் படித்துவிட்டுப் போனால், அங்கே ஒரு களைக்குக்கூட அந்தப் பெயர் இருக்காது. உடம்புக்கு: அங்கே மலேரியா கடுமையானது, மூளையைத் தாக்கும் வகையும் உண்டு. மருந்து தெளித்த கொசுவலை இல்லாமல் ஒரு இரவும் படுக்காதீர்கள். காய்ச்சல் வந்த அன்றே ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளரிடம் ரத்தப் பரிசோதனை. வயலுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ராத்திரி டார்ச்.

இப்போது சித்திரை என்றால் உடனே நிலம் தேடுங்கள், ஆடிப்பட்டத்துக்கு நேரம் இருக்கிறது. ஆவணி தாண்டிவிட்டால் இந்த ஆண்டு குத்தகை எடுக்காதீர்கள். மலையில் யாரிடமாவது அறுவடைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் ஆளாகச் சேர்ந்து, தேசியா பேசும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அடுத்த சித்திரைவரை அந்த இரண்டு வேலையை மட்டும் பாருங்கள்.